சாக்பீஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ராணி

எங்கள் வீட்டில் பல்லி கிடையாது. கொசு கிடையாது. ஒரே ஒரு சிலந்தி வந்து மூலையில் வலை கட்டத் தொடங்கியது. பாதியிலேயே மனம் மாறி, நூலைத் தொங்க விட்டுவிட்டுக் காணாமல் போனது. கொடுத்துவைத்த குடும்பம் என்று யாரும் கண் வைக்க வேண்டாம். எங்கள் சித்தப்பா பூச்சி மருந்து அடிப்பவர். வீட்டுக்குள் அவர் ஒரு சொட்டும் அடித்ததில்லை. வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், அவ்வளவுதான். மிச்சத்தை அந்தச் சட்டை பார்த்துக்கொள்ளும்.

அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் அவர் போகிற அடுக்குமாடிகளில் யாரும் அதைக் கேட்டதில்லை. "மருந்து வந்தாச்சு" என்பார்கள். குழந்தையையும் நாயையும் தூக்கிக்கொண்டு, மூக்கைப் பொத்தியபடி வெளியே போய் நிற்பார்கள், கரப்பான் பூச்சியே மருந்துப் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்ததுபோல. அவர் உள்ளே போய், மண்டி போட்டு, அலமாரிக்கு அடியில் குழாயை நீட்டுவார். செத்துக் கிடக்கிற பூச்சியைக் காட்டினால், எந்த மருந்தில் செத்தது, காலையிலா மாலையிலா என்றெல்லாம் சொல்லிவிடுவார். உயிரோடு ஓடுகிற பூச்சியைக் காட்டினால் பெயர் தெரியாமல் விழிப்பார். அவருக்கும் பூச்சிகளுக்கும் அறிமுகமே கடைசி நேரத்தில்தான்.

நான் அவர் மனைவியின் அக்காள் மகள். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. (பெரிய மணியின் நாக்கைக் கழற்றியது யார் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.) அதனால் தையலாவது கற்றுக்கொள்ளட்டும் என்று அம்மா என்னைச் சித்தியிடம் அனுப்பினாள். சித்தி துணி திருத்துகிறவள். நீளமான கால்சட்டையைக் குட்டையாக்குவாள், இறுகிய சட்டையைத் தளர்த்துவாள், செத்துப்போன ஜிப்புக்கு உயிர் கொடுப்பாள். முன் அறையில் ஜன்னலோரம் அவள் மெஷின். பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதன்மேல் தைக்க வேண்டிய துணிக் குவியல். அதற்குப் பக்கத்தில், அந்த ஒரு நாள் வரை, ஒரு கண்ணாடித் தொட்டியும் மூன்று சிவப்பு மீன்களும் இருந்தன.

சித்தி மனிதர்களிடம் பேசியதைவிட மீன்களிடம் பேசியது அதிகம். அதில் பெரியதற்கு மேனேஜர் என்று பெயர். கண்ணாடிக்கு அருகே வந்து முறைத்துப் பார்த்துவிட்டு ஒரு வேலையும் செய்யாமல் திரும்பிப் போகும் என்பதால்.

சித்திக்குக் காய்ச்சல் வந்த நாளில் சித்தப்பா தொட்டித் தண்ணீரை மாற்றினார். கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவினார், அதில் குறையே சொல்ல முடியாது. வாளியைத்தான் கழுவவில்லை. அது அவர் பம்பை அலசுகிற வாளி. மதியத்துக்குள் மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து, வெட்டி வெட்டி இழுத்து, தலைகீழாகச் சுற்றத் தொடங்கின. சித்தி போர்வையைப் போர்த்திக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். மேனேஜர்தான் கடைசி.

அன்றிலிருந்து சித்தி அவரோடு பேசுவதை நிறுத்தினாள். வாசலுக்கு வருகிறவர்களிடம், "புதுசா துணி வாங்கலைங்க" என்றாள். கையில் இருக்கிற குவியலைத் தைத்து முடித்ததும், மெஷினைத் தூக்கிக்கொண்டு தன் தம்பியின் கடைக்கு மேலே உள்ள அறைக்குப் போய்விடுவதாக முடிவு. ஆக, வீட்டில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஸ்டூலைப் பார்த்தோம். குவியல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இறங்கியது.

இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி நான். சம்பளமில்லாத வேலை. ஆகவே வழியில் கடிதத்தைப் பிரித்துக் கொஞ்சம் திருத்திக்கொள்கிற உரிமையை நானே எடுத்துக்கொண்டேன்.

"ஏய், சாப்பாடு எடுத்து வெச்சாச்சுன்னு அந்த ஆளுகிட்ட சொல்லு."

நான் நான்கடி நடந்துபோய், "சித்தப்பா, கடைசிச் சாப்பாடு ரெடியாம். வேற ஆசை ஏதாவது உண்டான்னு கேக்குறாங்க" என்பேன்.

"உங்க சித்தி கையால தண்ணி ஒரு டம்ளர் வேணும்னு சொல்லு."

நான் திரும்பி வந்து, "சித்தி, உங்க கையைக் கழுவின தண்ணி போதுமாம்" என்பேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்த ஒரு சாப்பாட்டு நேரத்தில்தான் அந்தப் பந்தயம் பிறந்தது. அன்று நான் எதையும் திருத்தவில்லை. நடுவில் உட்கார்ந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியதோடு சரி.

"மூணு மீனுக்காக ஒரு வீட்டையே கலைப்பாளான்னு கேளு" என்றார் சித்தப்பா, தட்டைப் பார்த்தபடி.

"மீனுக்காக இல்லைன்னு சொல்லு. செடி வெச்சேன், கருகிப் போச்சு. பூனை ஒண்ணு வந்துச்சு, அந்த ஆளு மடியில படுத்துச்சு, மறுநாள் வாயில நுரை தள்ளிக்கிட்டு ஓடிப்போச்சு. அந்தக் கை பட்டு இந்த வீட்டுல எது நின்னிருக்கு? ஒரு உயிரை, ஒரே ஒரு உயிரை வெச்சுக் காப்பாத்திக் காட்டச் சொல்லு. நான் மெஷினைத் தூக்கலை."

சித்தப்பா வெகுநேரம் மென்றார். பிறகு, "எறும்பு" என்றார்.

"என்னதுன்னு கேளு."

"எறும்பு வளக்கிறேன்னு சொல்லு. இத்தனை வருஷமா அடிக்கிறேன். கரப்பான் போயிருச்சு, மூட்டைப்பூச்சி போயிருச்சு. எறும்பு மட்டும் அடுத்த வாரமே அதே சுவத்துல அதே வரிசையில போகுது. என்னைத் தாண்டியும் உயிரோட இருக்கிற ஒரே ஜீவன் அதுதான்."

சித்தி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "கசாப்புக்காரன் ஆடு வளக்கிறானாம்" என்று என்னிடம் சொன்னாள், அவருக்குக் கேட்கும்படி.

எறும்பும் தன் கையால் எண் சாண் என்பார்கள். சித்தப்பாவின் கைக்கு அகப்பட்ட எறும்பு எதுவும் அளந்து பார்க்கும் அளவுக்கு இருந்ததில்லை.

ஃபோனில் தேடிப் பார்த்தேன். தனி எறும்பு ஒன்றைப் பிடித்து அடைத்தால் சீக்கிரமே செத்துப்போகுமாம். ராணியாக இருந்தால், அதுவும் புதிதாகப் பறந்து வந்து இறக்கையை உதிர்த்த ராணியாக இருந்தால், தனியாகவே உட்கார்ந்து முட்டையிட்டு ஒரு குடும்பத்தை உண்டாக்குமாம். வருஷக்கணக்கில் வாழுமாம். "ராணி வேணும் சித்தப்பா" என்றேன். "இந்த வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, அதுக்கும் உங்களைப் பிடிக்கலை."

முதலில் ஒரு காலி மாத்திரை டப்பாவில் இறக்கையுள்ள எறும்பு ஒன்றைக் கொண்டுவந்தார். "ராணி! இறக்கையைப் பாரு."

நான் ஃபோனைப் பார்த்தேன், எறும்பைப் பார்த்தேன். ஊசி மாதிரி உடம்பு, கடுகு மாதிரி தலை. "இது ராணி இல்ல. மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு மட்டும் வந்தவரு. வந்த வேலை முடிஞ்சா போய்ச் சேந்துருவாரு."

மறுநாள் போய்ச் சேர்ந்தார். "ஆம்பளையா? அதான்" என்றாள் சித்தி. மீனுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் நகைச்சுவை அது.

அடுத்தது தலை பெருத்த ஒரு கறுப்பு எறும்பு. "தலையைப் பாரு, கிரீடம் வைக்கிற தலை" என்றார்.

"தலை பெருசுன்னா ராணின்னா, நம்ம வீட்டு ஓனர்தான் முதல் ராணி" என்றேன். "இது அடியாள் எறும்பு. கடிக்கிறதுக்குன்னே பொறந்தது."

சித்தி மெஷினை நிறுத்தாமல், தன் பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து டப்பாவின் மேல் ஒரு கணம் பிடித்தாள். "தோள் ஒல்லி, மார்பு ஒல்லி. இதுக்கு ரெடிமேடே போதும். அந்த ஆளை எடுத்துட்டுப் போகச் சொல்லு." அடியாள் ஜன்னல் வழியாக விடுதலை ஆனது. சித்தப்பா எதையும் உயிரோடு வெளியே விட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

பிறகு மழை பெய்தது. மழை விட்ட மாலையில் ஓர் அடுக்குமாடியிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். நடைபாதை விளக்கைச் சுற்றி இறக்கை எறும்புகள் மொய்க்கின்றனவாம். சித்தப்பா போனார், அடித்தார். அடிப்பது அவர் பிழைப்பு. கூட்டமாக விழுந்தன. கடைசியில், மருந்து எட்டாத தூரத்துச் சுவரோரம் ஒன்று மட்டும் இறக்கையில்லாமல் தனியாக ஓடியதாம், வழி தெரிந்ததுபோல. அவர் குனிந்து ஒரு கண்ணாடிக் குழாயை அதன் முன்னால் நீட்ட, அது தானாகவே உள்ளே ஏறிக்கொண்டது.

"அந்தா ஒண்ணு ஓடுது, அதையும் அடிய்யா!" என்று மேலேயிருந்து யாரோ கத்தினார்கள்.

"அடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்தக் குழாய் மேல்மாடியில் குடியிருக்கும் ரத்தக்காரியிடம் நான் வாங்கி வைத்தது. பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவள் தொழில். அந்தப் பெயர் நான் வைத்தது. இரண்டு புதுக் குழாய்கள் கொடுத்தபோது, "இதுல யார் ரத்தம் பிடிக்கப் போறீங்க, உங்க சித்தியோடதா, சித்தப்பாவோடதா?" என்று கேட்டாள். இனிமேல்தான் தெரியும் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா கீழே குழாயடியில் நின்று மேலும் கீழும் தேய்த்துக் குளித்தார். நகக்கண்ணைத் துடைப்பக் குச்சியால் சுரண்டினார். வெளுத்துச் சுருங்கிய கையோடு மேலே வந்து, ஃபோனில் நான் காட்டியபடியே எல்லாம் செய்தார். குழாயின் அடியில் தண்ணீர், தண்ணீர் வழியாமல் இருக்க ஒரு பஞ்சு, நடுவில் ராணி, வாய்க்கு இன்னொரு பஞ்சு. தோள் புடைத்த, கருத்துப் பளபளத்த எறும்பு. மெஷின் மேஜையில் வைத்துவிட்டு, சித்தியைப் பார்க்காதவர் மாதிரி பார்த்தார்.

சித்தி ஒரு ஜிப்பைப் பிரித்து முடிப்பதற்குள் ராணி மல்லாந்துவிட்டது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

சித்தப்பாவின் முகம் சாம்பலாகப் போயிற்று. அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம் அந்த இழுப்புதான். "இது நம்ம மருந்து" என்றார், தனக்குத்தானே.

சித்தி எழுந்தாள். அந்த இழுப்பை அவளும் பார்த்திருக்கிறாள், தொட்டியில். "பஞ்சு எங்கேருந்துன்னு கேளு."

"சித்தப்பா, பஞ்சு எங்கே..."

"என் பையிலேருந்து. புதுப் பஞ்சு. பிரிக்காத பஞ்சு..."

"அந்தப் பையிலேருந்தா!" சித்தி கத்தினாள். பம்பு இருக்கிற பை. மருந்துப் புட்டிகள் உருள்கிற பை. ஊரில் உள்ள மற்ற எவனாக இருந்தாலும் பஞ்சுக்குக் கடைக்குப் போயிருப்பான். நம் ஆள் தன் கையை மட்டும் குற்றவாளி என்று நினைத்துத் தோல் உரியக் கழுவிவிட்டு, பஞ்சை மருந்துப் பையிலிருந்து எடுத்திருக்கிறார்.

சித்தி நூல் பிடுங்குகிற இடுக்கியால் பஞ்சை இழுத்து எறிந்தாள். ராணியை ஒரு வெள்ளைத் துணியில் கொட்டினாள். "அந்த இன்னொரு குழாயைக் கொண்டா, குரங்கே. கொதிக்க வெச்சு ஆறின தண்ணி இருக்கு பாரு. தலையணையைக் கிழி, அதுல நல்ல பஞ்சு இருக்கு. தள்ளி நிக்கச் சொல்லு அந்த ஆளை, தள்ளி நிக்கச் சொல்லு! மூச்சு விட்டாலே சாகும்."

சித்தப்பா சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. சித்தி ஒரு கால்சட்டையில் பாதி தைத்து முடித்தாள், கண் மட்டும் குழாயில். கடைசியில் ஒரு மீசை அசைந்தது. பிறகு ஒரு கால். பிறகு ராணி புரண்டு எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல முன்காலால் மீசையைத் துடைத்துக்கொண்டது. யாரும் மகிழ்ச்சி தெரிவிக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை.

சித்தி பூதக்கண்ணாடியை இழுத்தாள். "இது ராணிதான். மார்பைப் பாரு, அளவெடுத்துத்தான் தைக்கணும். தோள்ல ரெண்டு பக்கமும் பிரிச்ச தடம் தெரியுதா? சட்டையில கையைப் பிரிச்செடுத்தா ஓரத்துல தையல் தடம் நிக்கும்ல, அந்த மாதிரி. இறக்கை இருந்த இடம்."

பிறகு அவள் தையல் சாக்பீஸை எடுத்து, மேஜையிலிருந்து இரண்டு கை நீளம் தள்ளி, தரையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஒரு கோடு இழுத்தாள். "இதைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லு."

சொல்லத் தேவையிருக்கவில்லை. சாக்பீஸ் கோடு என்றால் என்னவென்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஊரெல்லாம் எறும்புக்கு விஷக்கோடு கிழித்துப் பிழைத்தவர். இப்போது எறும்பு அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம்.

ராணியை ஒரு கறுப்புத் துணியில் சுற்றி, மெஷின் அதிர்வு படாத அலமாரித் தட்டில் வைத்தாள் சித்தி. இருட்டும் அமைதியும்தான் அதற்கு வேண்டும். இரண்டாவதை எங்கள் வீட்டில் எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் எப்போதாவது துணியை விலக்கிப் பார்ப்பாள். ஒரு நாள், "சொல்லு, முட்டை வெச்சிருக்கு. வெள்ளையா, சின்னக் கொத்தா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு" என்றாள். சித்தப்பா கோட்டில் கால் விரலை ஒட்டி வைத்துக்கொண்டு, கொக்குபோல் கழுத்தை நீட்டினார். அங்கிருந்து கறுப்புத் துணிதான் தெரியும். அதையே பார்த்தார். வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்து குளித்த பிறகு ஒரு தடவை.

குவியல் மட்டும் தன் பாட்டுக்கு இறங்கியது. ஆனால் எதிர்பார்த்த வேகத்தில் இல்லை. தைத்து மடித்து வைத்த சில துணிகளின் ஓரம், சித்தி குளிக்கப் போகிற நேரங்களில், தானாகவே பிரிந்துகொண்டது. இப்போதெல்லாம் நூல் தரமாக வருவதில்லை.

"சாப்பாடு என்ன போடுறான்னு கேளு" என்றார் சித்தப்பா ஒரு நாள்.

"ஒண்ணும் போடலைன்னு சொல்லு" என்றாள் சித்தி. "முதல் குஞ்சுங்க வெளிய வர்ற வரைக்கும் அதுக்குச் சாப்பாடே வேண்டாம். இறக்கையை அசைச்ச சதை இருக்குல்ல, அதைக் கரைச்சுத்தான் பிள்ளைக்கு ஊட்டும். தொந்தரவு பண்ணாம இருந்தாப் போதும்னு சொல்லு."

வார்த்தைக்கு வார்த்தை அப்படியே போய்ச் சொன்னேன். ஃபோனிலும் அப்படித்தான் போட்டிருந்தது. என் தபால் வாழ்க்கையில் கலப்படமே இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்த செய்தி அது ஒன்றுதான். அவர் என்னைக் கேவலமாகப் பார்த்தார்.

"தோளைக் கரைச்சுத் தின்னுமா? போடி. பட்டினி போடுறா. அது செத்தா நான் தோத்தேன், அவ கிளம்பிடுவா. அதான் கணக்கு."

"நிஜமாத்தான் சித்தப்பா."

"நீ நிஜம்னு சொன்னா அது நிச்சயம் பொய்."

ஒரு மதியம் சித்தி தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். நான் கடைக்குப் போய் வந்தபோது, சித்தப்பா கோட்டுக்கு இந்தப் பக்கம் நல்ல பிள்ளையாக நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளிலும் பிளாஸ்டிக் பை மாட்டி, மணிக்கட்டில் நூலால் கட்டியிருந்தார்.

"என்ன கோலம் இது?"

"ஒண்ணுமில்ல, குளிரா இருக்கு" என்றார். வியர்வை கொட்டியது.

அன்று மாலை சித்தி கறுப்புத் துணியை விலக்கினாள். வாய்ப் பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் பிசுபிசுத்தது. குழாய் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. ராணி மூலைக்கு மூலை ஓடிக்கொண்டிருந்தது. முட்டைக் கொத்தைக் காணவில்லை. சித்தி விளக்கை இழுத்து, குழாயைத் திருப்பாமல் தன் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாள். இல்லை. மிரண்டுபோன ராணி தன் முட்டையைத் தானே தின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"சக்கரைத் தண்ணி வெச்சது யாரு?"

நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன்.

"நீ மூடு. உங்களைத்தான் கேக்கிறேன். உங்களைத்தான்!"

சித்தப்பா தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு குரல் வந்தது. "பட்டினி போட்டுச் சாகடிக்கப் பாத்தே. நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

"அதுக்குப் பசிக்காதுன்னு சொல்லி அனுப்பினேனே!"

"இவ சொன்னா எவன் நம்புவான்? என் தட்டுல நீ கரப்பான் மருந்து ஜெல் வெச்சிருக்கேன்னு இவ சொல்லித்தான் போன வாரம் தண்ணியைக் குடிச்சுட்டுப் படுத்தேன்!"

"அன்னிக்கு நீங்க சாப்பாட்டைத் தூக்கி எறியச் சொன்னதா இவ சொன்னா!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். எனக்கு அந்த நேரத்தில் வேலை போய்விட்டது என்று புரிந்தது.

"அத்தனையும் தின்னுடுச்சு" என்றாள் சித்தி. குரல் உடைந்தது, உடனே அதைக் கூர் தீட்டிக்கொண்டாள். "நல்லது பண்றேன் நல்லது பண்றேன்னு வந்து நிக்கிறது. அன்னிக்கும் இதேதான். எவன் கேட்டான் தண்ணி மாத்தச் சொல்லி?"

"நீதான்."

"நானா?"

"காய்ச்சல்ல கண்ணைத் தொறந்தே. என்னைப் பாத்து ஒரு வார்த்தை கேக்கலை. தொட்டித் தண்ணி கலங்கியிருக்கு, மேனேஜருக்கு மூச்சு முட்டும்னே. திரும்பிப் படுத்துட்டே. அதான் மாத்தினேன்."

சித்தி தொட்டி இருந்த இடத்தைப் பார்த்தாள். "எந்த வாளின்னு எழுப்பிக் கேட்டிருக்கலாம்ல?"

"தூங்கிட்டிருந்தியே."

 அவளுக்கு அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. குவியலில் மிச்சமிருந்த துணிகளை அடுத்த சில நாட்களில் வெறி பிடித்தவள்போல் தைத்துத் தள்ளினாள். கத்தரியை இடுப்பிலேயே செருகிக்கொண்டாள். ஸ்டூலின் பலகை தெரிந்தது. தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள். மெஷின் தலையைக் கழற்றி, போர்வையில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டினாள். சித்தப்பா கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். தடுக்கவில்லை. தோற்றவன் எதைச் சொல்லித் தடுப்பது?

கீழே மாமாவின் வண்டி ஹாரன் அடித்தது.

"ராணியும் என்னோட வருது" என்றாள் சித்தி.

"அது நான் பிடிச்சது."

"நீங்க பிடிச்சதெல்லாம் என்ன கதி ஆச்சுன்னு தெரியும். விட்டுட்டுப் போனா நாளைக்கே பூ வைக்கணும்."

கறுப்புத் துணியோடு எடுக்கப் போனவள், கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாளோ என்னவோ, எடுக்காமலே துணியை மட்டும் விலக்கினாள். விளக்கை இழுத்தாள். அப்படியே குனிந்து நின்றாள். ஹாரன் இன்னொரு தடவை அடித்தது.

"என்ன?" என்றார் சித்தப்பா. "செத்துடுச்சா?"

"உங்க வாயில நல்லதே வராதா? மறுபடி வெச்சிருக்கு."

"எதை?"

"முட்டையை! கத்தாதீங்க."

கத்தியது அவள்தான். துணியை மெதுவாக மூடினாள். மெஷினைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். மாமாவின் வண்டி எப்படிப்பட்டது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அதில் ஏறினால் மனிதர்களுக்கே குடல் இடம் மாறும்.

"இப்போ அசைச்சா திரும்பவும் தின்னுடும்" என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு என்னிடம், "கீழ போய் மாமாகிட்ட சொல்லு, இன்னிக்கு வரலை. இது பொரிச்சு வெளிய வர்ற வரைக்கும்தான். அதுக்கப்புறம் ஒரு நிமிஷம் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

வேலை திரும்பக் கிடைத்த மகிழ்ச்சியில் படியெல்லாம் குதித்து இறங்கினேன். "மாமா, சித்தி வரலையாம். வீட்டுல பிரசவம்."

மாமா வண்டியை அணைத்தார். "யாருக்குடி?"

"ராணிக்கு."

"எந்த ராணி?"

"உங்களுக்குத் தெரியாது. சித்தப்பா ஒரு மழை நாள்ல பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாரு. சித்திதான் பாத்துக்கிறாங்க."

மாமா இரண்டிரண்டு படிகளாக மேலே ஓடியதையும், அதற்குப் பிறகு என் காது என்ன நிறத்துக்குத் திருகப்பட்டது என்பதையும் விட்டுவிடுகிறேன்.

சித்தி கயிற்றை அவிழ்த்து மெஷினை மாட்டினாள். சும்மா எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது என்று முணுமுணுத்தாள். மறுநாள் ஒரு பெண் ஜிப் மாற்ற வந்தபோது, "வெச்சுட்டுப் போங்க" என்றாள். அந்தத் துணியை ஸ்டூலில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அந்தச் சாம்பல் கால்சட்டையோட ஓரத்தை நான் எத்தனை தடவை தைச்சேன்னு தெரியுமா?"

"நூல் சரியில்ல சித்தி."

"ஆமா. நூல் பிரிக்கிற ஊசியை எடுத்த இடத்துல வை."

வைத்தேன்.

முட்டைகள் புழுவாகி, புழுக்கள் கூடாகி, ஒரு நாள் கூடு பிரிந்து முதல் குட்டி எறும்பு வந்தது. வெளிறிப்போய், தூசி அளவுக்கு. பின்னாலேயே இன்னும் சில. சித்தி ஊசி முனையில் தேன் தொட்டு வைத்தாள்.  பந்தயத்தில் ஜெயித்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. சரியாகச் சொன்னால் சித்தப்பா தோற்றார். உயிரோடு இருப்பது எதிலும் அவர் கை படவே இல்லை. பொரித்ததும் ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன் என்ற ஆள், இத்தனை குஞ்சு குளுவானோடு எங்கே போவது என்று என் மேல் எரிந்து விழுந்தாள். நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

தரையில் கோடு அழிந்துவிட்டிருந்தது. இந்தப் பக்கம் நின்று நின்று, சித்தப்பாவின் கால் விரல்கள் அழித்த கோடு. சித்தி சாக்பீஸை எடுத்துக் குனிந்தாள். பழைய தடத்தில் போடவில்லை. ஒரு சாண் உள்ளே தள்ளிப் போட்டாள்.

சித்தப்பா கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என்ன பார்வை? இதைத் தாண்டினா காலை ஒடிப்பேன்."

அவர் ஒரு சாண் முன்னால் வந்து நின்றார். விரல்கள் கோட்டில்.

"கையைப் பின்னால கட்டுங்க."

கட்டிக்கொண்டார். சித்தி கறுப்புத் துணியை விலக்கி, விளக்கை அவர் பக்கமாகத் திருப்பினாள். அவர் கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, உதட்டுக்குள் எண்ணத் தொடங்கினார்.

"எண்ணிக்கிட்டு நிக்காதீங்க" என்றாள் சித்தி. "மூச்சு படுது."